ஸ்க்ரூவின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. என் கணினியைப் பழுதுபார்க்க வருகிற மெக்கானிக், மேசைக்கு அடியில் பாதி உடம்பை விட்டுக்கொண்டு, வயர்களுக்கு நடுவிலிருந்து சொன்னது. "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சார்" என்று ஆரம்பித்தார்.

நான் வளர்ந்த தெருவில் இரண்டு பக்கமும் கடைகள், எங்கள் கடையும் அதில் ஒன்று. அங்கே தன் கைக்கடிகாரத்தை விற்க வருகிற எவனும் "இது என்னுது" என்று சொன்னதில்லை. "தெரிஞ்சவர் ஒருத்தரோடது, அவசரமா குடுக்கிறார்" என்பான். என் அப்பா அவன் மணிக்கட்டில் கடிகாரம் இருந்த இடத்து வெளுத்த வளையத்தைப் பார்த்துக்கொண்டே, "பாவம், நல்ல மனுஷனா இருப்பார்" என்பார். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

கேட்டு முடித்ததும் பேரத்தில் இறங்கினேன்.

"முடிவையும் சேர்த்துக் குடுங்க."

"முடிவா? அதை அவர் சொல்லலையே சார்."

"கேட்டுப் பார்க்கலாமே?"

"கேட்டா வருத்தப்படுவார் சார்." தலை மேசைக்கு வெளியே வரவில்லை.

ஆக, கையில் இருப்பது முக்கால் கதை. முக்கால் சரக்கை முழுசு என்று மடித்துக் கட்டிக் கொடுக்கிற வித்தை எனக்குத் தெரியும். செய்யப் போவதில்லை. கிழிசல் எங்கே இருக்கிறது என்று விரித்தே காட்டிவிடுகிறேன்: கடைசியில் இருக்கிறது. பார்த்துவிட்டு வாங்குங்கள்.

(இதே மெக்கானிக்தான் என் நண்பர் வீட்டுக் கணினியையும் பார்க்கிறார். நண்பரும் கதை எழுதுகிறவர். இரண்டு பரிசு வாங்கியிருக்கிறார். இரண்டு விழாவுக்கும் போய் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன். எனக்கு அதில் ஒன்றும் இல்லை.)

2

முதல் வரி மூன்று தடவை எழுதினேன்.

"தான் கட்டிய கணினி தன்னையே அடையாளம் தெரியாததுபோல முழிப்பதைப் பெரிய மாப்பிள்ளை மதியம் ஒன்றரை மணிக்கு—"

கணினி முழிக்காது. அடுத்தது.

"சகலை என்கிற உறவை எவன் கண்டுபிடித்தானோ, அவனை மட்டும் என் கையில்—"

வசவில் ஆரம்பிக்கிற கதை பாதி வழியில் மூச்சு வாங்கும். விட்டுவிட்டேன்.

"அத்தைக்கு ஐந்து மணிக்கு ஆட்டம்."

இது நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

அத்தை என்றால் நம் மெக்கானிக்கின் மாமியார். அறுபத்து நாலு வயது. சதுரங்கம் ஆடுவார். பொழுதுபோக்குக்கு இல்லை, ஜெயிக்க. மூத்த பெண்களுக்கான இணையவழிப் போட்டியில் நாலு சுற்று தாண்டி இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தார். ஆட்டம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. கைபேசியில் ஆடக்கூடாது, கேமரா வைத்த கணினியில், முகம் தெரிய உட்கார வேண்டும். ஐந்து ஐந்துக்குள் வந்து உட்காராதவர் தோற்றவர். விதி அவ்வளவுதான்.

அவருக்கு இரண்டு மகள்கள், அதனால் இரண்டு மாப்பிள்ளைகள். பெரிய மாப்பிள்ளை நம் மெக்கானிக். மாடிப்படிக்கு அடியில் ஒரு கணினிக் கடை வைத்திருக்கிறார். சின்ன மாப்பிள்ளை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முந்நூறு கணினிகளைக் கவனிக்கிறார். ஏசி அறை, கழுத்தில் அட்டை. ஒரே தொழில், ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். ஒருவர் தையற்காரராக, இன்னொருவர் தபால்காரராக இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

அந்த வீட்டுக் கணினியைக் கட்டியவர் பெரியவர். போர்டு, பெட்டி, வயர் எல்லாம் அவர் தேர்வு. மூன்று வருஷமாகக் குடும்பம் கூடுகிற இடத்தில் எல்லாம் அவருக்கு ஒரு பேச்சு உண்டு: "நான் போட்ட போர்டு. இன்னிக்கு வரைக்கும் ஒரு மக்கர்? ஒரே ஒரு மக்கர் உண்டா?" சின்னவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அதானே அண்ணா" என்பார். தலையும் ஆட்டுவார்.

அந்தத் தலையாட்டலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3

சின்னவரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். மனிதர் ரொம்ப நல்லவராக இருக்கிறார். இப்படி ஒருவரைக் கதைக்குள் விட்டால் படிக்கிறவர் நம்பமாட்டார். கொஞ்சம் கெடுத்துவிடலாம் என்று பார்த்தேன்.

"சின்னவர் உதட்டோரமாகச் சிரித்தபடி, அண்ணனின் பழைய டூல்பேக்கைக் கண்களால்—"

மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன்: "அந்தச் சகலைகிட்ட ஏதாவது ஒரு குறை சொல்லுங்களேன். கஞ்சத்தனம், பெருமை, ஏதாவது. சின்னதா இருந்தாலும் போதும்."

"இல்லை சார். அவன்கிட்ட ஒரு குறையும் கிடையாது. அதுதான் சார் குறை."

(இந்த வசனத்தை நானே எழுதியிருக்க வேண்டும். என் நண்பராக இருந்தால் எழுதியிருப்பார்.)

4

ஞாயிறு காலை. பெரியவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நிற்கிறார். அவர் மனைவி அடுப்படியில் போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். அத்தையின் குரல் வீடு முழுக்கக் கேட்கிறது.

"கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்குடி. ஆட்டத்துக்கு நடுவுல நின்னுட்டா நான் என்ன பண்ணுவேன்? சின்னவரை ஒரு வார்த்தை கேட்கட்டுமா?"

ரேசர் நின்றது. "நான் வர்றேன்னு சொல்லு!"

"மெதுவாத்தானே இருக்காம்? ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா போச்சு. இன்னிக்கு ஆட்டத்தை வெச்சுக்கிட்டு எதுக்குங்க அதுல கை வைக்கிறீங்க?"

"இன்னிக்கே வர்றேன்னு சொல்லுன்னேன்."

அவருக்குத் தெரியும்: நாலு வேண்டாத கோப்பை நீக்கினால் போதும். ஆனால் அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். சின்னவரே செய்யலாம். மொத்தத்தையும் துடைத்து, கணினியை ஓட்டுகிற மென்பொருளான ஓஎஸ்ஸை மறுபடி ஏற்றி, புத்தம் புதிதாக எழுப்பிக் கொடுப்பது அப்படியில்லை. அதைச் சொந்தக்காரன்தான் செய்வான்.

பதினொரு மணிக்கு மாமியார் வீட்டில் இருந்தார். ஒன்றரைக்கு ஓஎஸ் ஏறிவிட்டது. திரையில் எழுத்துகள் சுரைக்காய் சைஸுக்கு நின்றன. சத்தம் இல்லை. இணையம் இல்லை.

அந்த வீட்டில் வைஃபை கிடையாது. மாமனாருக்குக் கண்ணுக்குத் தெரியாத எதன் மேலும் நம்பிக்கை இல்லை. சுவரிலிருந்து வரும் வயர் நேராகக் கணினியின் பின்னால் லேன் ஓட்டையில் போய்ச் செருகும். அந்த ஓட்டை இப்போது செத்துக் கிடந்தது.

பயப்படவில்லை. ஓஎஸ் ஏற்றியதும் இப்படித்தான் இருக்கும். டிரைவர் போட வேண்டும்.

* தெரியாதவர்களுக்கு: மதர்போர்டு என்பது ஒரு பெரிய சந்தை. சத்தத்துக்கு ஒரு சில்லு, படத்துக்கு ஒரு சில்லு, லேனுக்கு ஒரு சில்லு என்று ஆளாளுக்குக் கடை விரித்திருப்பார்கள். ஓஎஸ் வெளியூரிலிருந்து வந்த பெரிய முதலாளி. அவருக்கு இவர்கள் பேச்சு புரியாது. நடுவில் நின்று பேசி முடித்து வைக்கிற தரகர்தான் டிரைவர். ஒவ்வொரு போர்டுக்கும் அதற்கான தரகர் வேண்டும். அடுத்த சந்தைத் தரகரைக் கூட்டிவந்து நிறுத்தினால், அவர் பாட்டுக்கு இல்லாத கடையைத் தேடிக்கொண்டிருப்பார்.

5

அந்த அறையை நீங்கள் பார்க்க வேண்டும். ஜன்னலோரம் அத்தை, மரப்பலகையில் காய்களை அடுக்கித் தனக்கெதிராகத் தானே ஆடிக்கொண்டிருக்கிறார். மாமனார் நாற்காலியைக் கணினிக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அச்சகத்திலிருந்துதான் ஓய்வு பெற்றார்.

"எழுத்து இப்படிப் பெரிசா இருக்கிறதே நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. இப்படியே விட்டுடுங்களேன்."

"இது தப்பு மாமா. சரி பண்ணணும்."

"கண்ணுக்குத் தெரியுது. அது எப்படித் தப்பாகும்?"

பெரியவர் பரணில் கையை விட்டு, போர்டு வந்த அட்டைப்பெட்டியை இறக்கினார். மூன்று வருஷத்துக்கு முன் தானே ஓரத்தில் எழுதிய தேதியும் கையெழுத்தும் அப்படியே இருந்தன. உள்ளே ஏதோ கனத்தது. மாமனார் பழைய வயர் எதையாவது திணித்து வைத்திருப்பார். அட்டையில் இருந்த மாடல் எண்ணைப் பார்த்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார். அங்கேதான் போனுக்கு சிக்னல் வரும். அந்த எண்ணுக்கான டிரைவர்களை இறக்கி, வயர் வழியாகக் கணினிக்கு ஏற்றி, லேன் டிரைவரைத் தட்டினார்.

"இதற்குரிய சாதனம் இந்தக் கணினியில் இல்லை."

(இங்கே விவரம் தெரிந்த வாசகர் ஒருவர் எழுந்து கேட்பார்: போர்டின் பெயரை ஓஎஸ்ஸிடமே கேட்கலாமே, மூன்று தட்டுத் தட்டினால் சொல்லிவிடுமே? சொல்லும். அவர் கேட்கவில்லை. தன் வீட்டுக்குள் நுழைகிறவர் வாசலில் நின்று பெயர்ப்பலகையைப் படிப்பாரா?)

பழைய பதிப்பைப் போட்டார். இல்லை என்றது. புதிய பதிப்பு. இல்லை. எல்லா போர்டுக்குமான டிரைவர்களையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிற தொகுப்பு ஒன்று உண்டு. அதைப் போடுகிறவர்களை அவர் கடையில் உட்கார்ந்து கேலி செய்வார். இன்று அதையும் இறக்கப் பார்த்தார். மாடிப்படியில் நின்ற போன், மூட்டை வந்து சேர ஏழு மணி நேரம் ஆகும் என்றது.

மூன்று நாற்பதுக்கு மனைவி கூப்பிட்டார்.

"என்னாச்சுங்க?"

"ஆயிட்டே இருக்கு."

"எது ஆயிட்டே இருக்கு?"

"அதான், ஆகுதுங்கிறேன்ல."

ஜன்னலோரத்திலிருந்து அத்தை, குதிரையைக் கையில் வைத்துக்கொண்டே, "மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. சின்னவருக்கு ஒரு போன் போட்டுடட்டுமா? ஆறு மணிக்கு எப்படியும் ஆட்டம் என்னாச்சுன்னு பார்க்க வர்றேன்னிருக்கார். கொஞ்சம் முன்னாடியே வரச் சொன்னா…"

"வேணாம் அத்தை."

"இல்லை, ஒரு யோசனை கேட்கத்தான்."

"இது நான் கட்டின பெட்டி அத்தை. இதுக்குள்ள எந்த ஸ்க்ரூ எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். அவனுக்கு என்ன தெரியும்?"

அத்தை குதிரையை வைத்தார். எங்கே வைத்தார் என்று பெரியவர் பார்க்கவில்லை. சதுரங்கம் தெரிந்த நானாக இருந்தால் பார்த்திருப்பேன்.

6

நாலு மணிக்கு முடிவு செய்தார்: டிரைவர் சரி, லேன் சில்லுதான் போய்விட்டது. பையில் பழைய நெட்வொர்க் கார்டு ஒன்று இருந்தது. பெட்டியைத் திறந்து அதைச் செருகினால் முடிந்தது வேலை. இதில் அவருக்கு ஒரு நிம்மதிகூட: சில்லு போனால் அது விதி, யார் குற்றமும் இல்லை.

கணினிப் பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பினார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தான் கட்டுகிற ஒவ்வொரு பெட்டியிலும், பின்பக்கம் மேலே இருக்கிற ஸ்க்ரூவின் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைப்பார். வேறு யாராவது திறந்தால் சொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அரக்குச் சிவப்பு. மனைவியின் பாட்டில்; டூல்பேக்கில்தான் இருக்கும். மனைவி அதைத் தேடுவதை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன. இந்த ரகசியம் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

சொட்டு இருந்தது. உடையவில்லை. ஸ்க்ரூடிரைவரை வைக்கப் போனவர், சும்மா போன் விளக்கை அடித்துப் பார்த்தார்.

சொட்டு மினுமினுத்தது.

அவருடைய சொட்டு மினுமினுக்காது. அவர் மனைவி மினுமினுப்பு போடமாட்டார். போடுகிறவர் மனைவியின் தங்கை. சின்னவரின் வீட்டுக்காரி.

(இந்த இடத்தில் மெக்கானிக் என் மேசைக்கு அடியில் வேலையை நிறுத்திவிட்டார். "அந்தத் தெரிஞ்சவருக்கு அப்ப எப்படி இருந்துச்சாம்?" என்று கேட்டேன். "ஊருக்குப் போய்ட்டு வந்து பார்த்தா, சார், தன் தலையணையில வேற எண்ணெய் வாசனை அடிச்ச மாதிரி" என்றார். பிறகு, "அப்படின்னு சொன்னார்" என்று சேர்த்துக்கொண்டார்.)

ஸ்க்ரூவைக் கழற்றினார். பக்கத் தகட்டை உருவினார். உள்ளே அவருடைய போர்டு இல்லை.

அதே கம்பெனி; அதனால்தான் காலையில் ஆரம்பத் திரையில் அதே படம் வந்தபோது சந்தேகம் வரவில்லை. ஆனால் அவருடையது பச்சை. இது கறுப்பு. வயர்கள் அவர் கட்டியதைவிட ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன. அதை அவர் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம். கையிலிருந்த பழைய கார்டைச் செருக இடம் தேடினார். இந்தப் புது போர்டில் அதற்கு ஓட்டையே இல்லை.

உருவிய தகட்டின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பொடி எழுத்து, கோடு போட்டதுபோல.

"அண்ணா, போர்டின் மாடல் எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். மாடலோடு நிறுத்திவிடாதீர்கள், இதில் இரண்டு பதிப்பு உண்டு. இது இரண்டாவது. முதல் பதிப்பின் டிரைவர் போட்டால் லேன் வராது. போர்டின் மூலையில் பொடியாக அச்சிட்டிருக்கிறது, ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்."

யாருக்கு எழுதியிருக்கிறான் பாருங்கள். தகட்டுக்கு உள்ளே ஒட்டியது. திறந்தால்தான் தெரியும். அண்ணன் ஒருநாள் திறப்பார் என்று தெரிந்து, திறந்து முழிப்பார் என்றும் தெரிந்து, முன்கூட்டியே—

இந்த வரியை முடிக்க முடியவில்லை. அப்படியே இருக்கட்டும்.

பெரியவர் விளக்கை அடித்து போர்டின் மூலையைப் பார்த்தார். ஒன்று என்று இருக்க வேண்டும் என்று மனதுக்குள் கும்பிட்டார். சின்னவரிடம் ஒரே ஒரு தப்பாவது. ஒரு எழுத்து. ஒரு எண்.

இரண்டு என்றிருந்தது.

7

"அத்தை, இந்தப் பெட்டியை யாராவது திறந்தாங்களா?"

அத்தை பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஐயோ" என்றார். "பார்த்துட்டீங்களா?"

மாமனார் நாற்காலியை ஒரு அடி பின்னால் நகர்த்தினார்.

"நீங்க கடைக்குச் சாமான் எடுக்க வெளியூர் போயிருந்தீங்க" என்றார் அத்தை. "ரெண்டு வருஷம் இருக்கும். திடீர்னு புகை வந்துச்சு. நான் பயந்துபோய் உங்க வீட்டுக்காரிக்குத்தான் போட்டேன். அவதான் தங்கச்சி வீட்டுக்காரரை அனுப்பிச்சா."

"அவளா?"

"அவதான். சின்னவர் வந்து பார்த்துட்டு, மின்சாரம் ஏறி இறங்கினதுல போர்டு போயிடுச்சு, அண்ணா மேல எந்தத் தப்பும் இல்லைன்னார். வேற ஒண்ணு வாங்கிட்டு வந்து போட்டார். அண்ணாகிட்ட சொல்ல வேண்டாம் அத்தை, அவர் ஆசையா கட்டினது, மனசு கஷ்டப்படும்னார். அந்தச் சொட்டு வைக்கணும்னு உங்க வீட்டுக்காரிதான் போன்ல சொல்லிக் குடுத்தா."

பெரியவர் பரணிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியைத் திறந்தார். கனத்தது வயர் இல்லை. செய்தித்தாளில் சுற்றி, அவருடைய பச்சை போர்டு. ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் கருகியிருந்தது.

அந்த இடத்தை அவருக்குத் தெரியும். உலகத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார். அட்டைப்பெட்டி புதுசு, போர்டு வேறொரு கணினியிலிருந்து கழற்றியது. கெட்டுப்போயிருந்த ஒரு பாகத்தை மாற்றித் தன் கையால் ஈயம் உருக்கிப் பற்றவைத்து, துடைத்து, புதுசு என்று போட்டிருந்தார். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. தன் கை மேல் அவ்வளவு நம்பிக்கை. பற்றவைத்த அதே இடம்தான் கருகியிருந்தது. மின்சாரமாவது, ஏறி இறங்குவதாவது. தொழில் தெரிந்த எவனும் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான்.

அவனும் தொழில் தெரிந்தவன்.

"ஒரு மக்கர் உண்டா?" என்று இவர் கேட்ட அத்தனை தடவையும், "அதானே அண்ணா" என்று தலையாட்டியது அதைத் தெரிந்துகொண்டுதான்.

நாலு இருபத்தைந்து. மாமனார் தொண்டையைச் செருமினார். "மாப்பிள்ளை, கோவப்படுறதை ஆட்டம் முடிஞ்சு வெச்சுக்குங்க. இப்ப அவளுக்கு அஞ்சு மணி."

பெரியவர் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார்.

8

எழுதிய வரைக்கும் மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று வரச் சொன்னேன். சாக்கு வேண்டுமே என்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கீபோர்டின் வயரைக் கழற்றி வைத்தேன். அவர் வந்து, வயரைச் செருகிவிட்டு, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தார். படித்துக் காட்டினேன். கருகின இடம் வந்தபோது மட்டும் தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வந்திருக்கு சார். உங்க நண்பர் சொன்னது சரிதான்."

"எந்த நண்பர்? என்ன சொன்னார்?"

"இதை முதல்ல அவர்கிட்டதான் சார் சொன்னேன். போன மாசம். பூராத்தையும் கேட்டுட்டு, 'இது என் கைக்கு வராதுங்க, அவர்கிட்ட சொல்லுங்க. கடைத்தெருவுல வளர்ந்த ஆள், அவர் எழுதினாத்தான் இது நிக்கும்'னார்." நாக்கைக் கடித்துக்கொண்டார். "அவர் சொன்னதா உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னார்."

டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் உட்கார்ந்திருந்தேன்.

அதாவது, இந்தப் பெட்டியையும் எனக்கு முன்னால் ஒருவர் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று முழுக்கத் தெரிந்துகொண்டு, வயரை ஒழுங்காகக் கட்டி, மூடி, மேலே ஒரு சொட்டு வைத்து, என் பக்கம் நகர்த்திவிட்டிருக்கிறார். நான் ஏழு பகுதி எழுதி, என் கைவேலை என் கைவேலை என்று—

(முதல் பகுதியில் 'எனக்கு அதில் ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். அழிக்கலாம் என்று போனேன். விட்டுவிட்டேன். இருக்கட்டும்.)

கிழித்துப் போட நினைத்தேன். ஆனால் பெரியவர் மாடிப்படியில் நிற்கிறார், அத்தைக்கு ஐந்து மணிக்கு ஆட்டம். பாதியில் விட்டுவிட்டுப் போக முடியாது.

9

நாலு ஐம்பத்தாறுக்கு லேன் ஓட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. சத்தம் வந்தது. எழுத்துகள் சுருங்கின, மாமனார் பெருமூச்சு விட்டுக் கண்ணாடியைத் தேடினார். ஐந்துக்கு ஒரு நிமிடம் இருக்கையில் அத்தை வந்து உட்கார்ந்து, கேமராவில் தன் முகத்தைப் பார்த்து முடியைச் சரிசெய்துகொண்டார்.

"மாப்பிள்ளை இருந்தா எனக்கு என்ன கவலை" என்றார்.

எந்த மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. பெரியவர் கேட்கவும் இல்லை.

ஆட்டம் போய்க்கொண்டிருக்கிறது. எதிராளி வேறு நாட்டுக்காரி, வேகமாக ஆடுகிறாள். அத்தை நிதானமாக ஆடுகிறார். பெட்டி பக்கவாட்டில் திறந்தே கிடக்க ஓடுகிறது. ஐந்து ஐம்பது. பெரியவர் பக்கத் தகட்டை மெல்ல வைத்து, ஸ்க்ரூவைத் திருகிவிட்டார். இனி சொட்டு மட்டும்தான் பாக்கி.

சின்னவர் ஆறு மணிக்கு வருவார். அத்தைக்குக் கை கொடுப்பார். பேச்சோடு பேச்சாகப் பெட்டியின் பின்னால் ஒரு பார்வை பார்ப்பார். தொழில்காரன் கண், தானாகப் போகும்.

பெரியவர் முன்னால் தரையில் இரண்டு பாட்டில். ஒன்று டூல்பேக்கிலிருந்து எடுத்தது, அரக்குச் சிவப்பு. இன்னொன்று இந்த வீட்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் கொழுந்தியா விட்டுவிட்டுப் போனது, மினுமினுப்பு.

மினுமினுப்பை வைத்தால், நான் திறக்கவே இல்லை என்று அர்த்தம். எல்லாம் பழையபடி. அடுத்த விசேஷத்திலும் "ஒரு மக்கர் உண்டா?" என்று கேட்கலாம். அவனும் தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலை இனிமேல் தெரிந்தே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

அரக்கை வைத்தால், திறந்தேன், பார்த்தேன், தெரிந்துகொண்டேன், ஆனாலும் இது என் பெட்டி என்று அர்த்தம். இரண்டு பேருக்கு மட்டும் புரியும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். அவன் நல்லவன், பேசமாட்டான். அதுதான் பயமாகவும் இருக்கிறது.

எதுவும் வைக்காமல் விட்டால், ஸ்க்ரூ வெறும் ஸ்க்ரூவாக நிற்கும். யார் வேண்டுமானாலும் திறக்கலாம். அவன் பார்த்ததும், "என்ன அண்ணா, சொட்டு வைக்கலையா?" என்று கேட்பான். அதற்கு இவர் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியாக வேண்டும். கருகின இடத்தைப் பற்றியும்.

மூன்றுக்கும் தனித்தனியாக முடிவு எழுதிப் பார்த்தேன். மூன்றும் வந்தன. ஒன்றை வைத்துவிட்டு இரண்டைக் கிழித்திருக்கலாம். ஆனால் இந்தக் கதை அச்சானதும் முதல் ஆளாக வாங்கிப் படிக்கப் போகிறவர் யார் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டப் போகிற என் நண்பர். நான் எந்தப் பாட்டிலை எடுத்தேன் என்று பார்த்ததும், அவர் செய்ததை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு எங்காவது சந்திக்கும்போது, "அதானே" என்று தலையாட்டுவார்.

அதனால் நான் எடுக்கவில்லை. நீங்கள் எடுங்கள். உங்களுக்கும் ஒரு சகலை இருப்பான், அல்லது சகலை மாதிரி ஒருத்தன். எந்தச் சொட்டு என்று உங்களுக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பாலிஷ் காய மூன்று நிமிடமாவது வேண்டும். அத்தை ராணியை நகர்த்திவிட்டுக் கையைத் தேய்த்துக்கொள்கிறார். வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டுவிட்டது. இரண்டு மூடியையும் திறந்து வைத்திருக்கிறேன். இந்தாருங்கள் பிரஷ். சொட்டப் போகிறது, பார்த்து.